தாய் படிக்க வேண்டிய அறிக்கை

காலை ஆறரை மணி. அமெரிக்க நாட்டு நகரம் ஒன்றில் இளந்தாய் ஒருத்தி, பத்து வாரக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணிக்கு அவள் வேலையில் இருந்தாக வேண்டும். வீட்டில் துணைக்குப் பாட்டி இல்லை, அத்தை இல்லை. தனியார் துறையில் உழைக்கும் மகளிருக்கு ஊதியத்தோடு மகப்பேற்று விடுப்பு அளிக்கும் சட்டம் அந்நாடு முழுவதற்கும் பொதுவாக இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பைத் தந்தது. ஆயினும் அது ஊதியமற்ற விடுப்பு; சிறு நிறுவனங்களில் வேலை செய்வோருக்கு அதுவும் கிட்டுவதில்லை. ஆகவே பால்மணம் மாறாத பிள்ளையை அவள் அயலார் கையில் ஒப்படைக்க வந்திருக்கிறாள்.

கதவு திறக்கிறது. தரை துடைத்துத் தூய்மையாக இருக்கிறது. சுவரில் பிள்ளைகள் தீட்டிய படங்கள் தொங்குகின்றன. காப்பகம் நடத்தும் அம்மையார் முகம் மலர்ந்து கை நீட்டுகிறார். தாயின் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவே.

தெரியாதவை எத்தனை! குழந்தையை இவர் மல்லாக்கப் படுக்க வைப்பாரா, குப்புறப் படுக்க வைப்பாரா? சலவைக் காரமும் பூச்சி மருந்தும் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றனவா? பின்புறத்துக் குளத்திற்கு வேலி உண்டா? சென்ற ஆண்டு இந்த வீட்டில் எந்தக் குழந்தைக்காவது மண்டை உடைந்ததா? அரசாங்கத்தின் ஆய்வாளர் இங்கு வந்தாரா? வந்தவர் என்ன எழுதிவிட்டுப் போனார்?

இவற்றுள் பல வினாக்களுக்கு எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒரு கோப்பில் விடை இருக்கலாம். ஆய்வாளருக்கு அது தெரியும், காப்பகத்தாருக்குத் தெரியும், பிள்ளையைப் பெற்றவளுக்கு மட்டும் தெரியாது. நெடுங்காலம் பல இடங்களில் இருந்த நிலை இதுவே. அந்தக் கோப்பைத் தாயின் கைக்குக் கொண்டுவர அமெரிக்க நாடு 2014-இல் ஒரு சட்டம் செய்தது. அதன் அமைப்பையும், அது சாதிப்பதையும், அதற்கு எட்டாததையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சட்டம் வளர்ந்த கதை

உழைக்கும் தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பதில் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பெரும்பாலும் தயக்கத்தோடுதான் அடி எடுத்து வைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைக்கலத் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் தேவைப்பட்டார்கள். அப்போது அரசு தன் பணத்தில் காப்பகங்களை நடத்தியது. போர் முடிந்தது, 1946-இல் அந்தப் பண உதவியும் முடிந்தது. நாடு முழுவதற்குமாகக் குழந்தைப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை 1971-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. அங்கே காங்கிரஸ் என்பது பாராளுமன்றத்தின் பெயர். அத்திட்டத்தைக் குடியரசுத் தலைவர் நிக்சன் தமது தடுப்பதிகாரத்தால் தடுத்துவிட்டார்.

பின்னர் 1990-இல் ஒரு மானியச் சட்டம் பிறந்தது. வருவாய் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்க்கக் கூட்டாட்சி அரசு மாநிலங்களுக்குப் பணம் தரும். மாநிலங்கள் அப்பணத்தைப் பெரும்பாலும் பெற்றோருக்குச் சீட்டாக வழங்கும். பெற்றோர் தாம் விரும்பும் காப்பகத்தில் அச்சீட்டைக் கொடுக்கலாம். இதுவே ஏற்பாடு. பணம் கொடுத்த அரசு, பாதுகாப்பைப் பற்றிச் சுருங்கவே பேசியது. தொற்றுநோய்த் தடுப்பு, கட்டடத்தின் பாதுகாப்பு, பணியாளருக்கு ஓரளவு பயிற்சி ஆகிய மூன்று துறைகளில் ஏதேனும் விதிகள் இருக்க வேண்டும் என்றது. விதி எத்தகையது, யார் பார்ப்பது, எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்ப்பது என்பனவெல்லாம் மாநிலத்தின் விருப்பம். ஒரு மாநிலத்தில் ஆண்டுதோறும் ஆய்வு நடந்தது. மற்றொன்றில் பல ஆண்டுகள் ஆனாலும் ஆய்வாளரின் காலடி படாத காப்பகங்கள் இருந்தன.

அந்நாட்டு நலத்துறையின் தணிக்கை அலுவலகம் பல மாநிலங்களில் முன்னறிவிப்பின்றிச் சென்று பார்த்தது. அரசின் பணத்தைப் பெற்றுவந்த காப்பகங்களில் மிகப் பலவற்றில் பிள்ளைகளுக்கு ஊறு விளைக்கக்கூடிய குறைகள் காணப்பட்டன. இதற்கிடையே, காப்பகத்தில் குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் வீட்டில் அழுதுகொண்டிராமல் சட்டமன்றங்களின் படியேறி வாதாடினர். "எங்களுக்குத் தெரிந்திருந்தால் அங்கே விட்டிருக்க மாட்டோம்" என்பதே அவர்களது முறையீட்டின் சாரம். 

மேரிலாந்து மாநிலத்தின் பார்பரா மிகுல்ஸ்கி, வட கரோலினாவின் ரிச்சர்டு பர் என்னும் எதிரெதிர்க் கட்சியினர் இருவர் செனட் சபையில் ஒன்று சேர்ந்து திருத்தச் சட்டத்தைக் கொணர்ந்தனர். 2014 நவம்பர் 17-இல் 88 வாக்குகள் ஆதரவாகவும் ஒரே ஒரு வாக்கு எதிராகவும் அது நிறைவேறியது. நவம்பர் 19-இல் குடியரசுத் தலைவர் ஒபாமா கையொப்பமிட்டார். 2016 செப்டம்பர் 30-இல் விரிவான விதிகள் வெளிவந்தன. எதிலும் ஒன்றுபடாத இரு கட்சிகள் இதில் ஒன்றுபட்டது குறிப்பிடத்தக்கது.

நான்கு கடமைகள்

இச்சட்டம் விதிக்கும் கடமைகளை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, கற்பித்தல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோர் கட்டாயமாகக் கற்க வேண்டியவை பத்துக்கு மேற்பட்டவை: கைக்குழந்தையைப் பாதுகாப்பாக உறங்க வைத்தல், மருந்து கொடுத்தல், ஒவ்வாத உணவினால் நேரும் தீங்கைத் தடுத்தல், நீர்நிலையும் சாலையும் பிள்ளைக்கு எமனாகாமல் காத்தல், அழும் குழந்தையைச் சினத்தால் பிடித்துக் குலுக்கினால் மூளை சிதையும் என்று உணர்தல், தீயும் புயலும் வந்தால் செய்ய வேண்டியவை, முதலுதவி முதலியன.

இரண்டாவது, ஆராய்தல். உரிமம் தருவதற்கு முன் ஒரு முறையும், பின்பு ஆண்டுக்கு ஒரு முறையேனும் முன்னறிவிப்பின்றியும் ஆய்வு நடைபெற வேண்டும். பணியாளரின் கைரேகையைக் கொண்டு அவர்களின் குற்றப் பின்னணியை அலச வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அதைத் திரும்பவும் செய்ய வேண்டும்.

மூன்றாவது, அறிவித்தல். காப்பகத்தில் ஒரு குழந்தை இறந்தாலும், கடுமையாகக் காயமுற்றாலும், காப்பகத்தார் அதை மாநிலம் குறித்துள்ள அலுவலகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். மறைக்க இடமில்லை. மாநிலமும் அச்செய்தியைக் கோப்பில் கட்டி வைத்துவிட முடியாது. ஆண்டுதோறும் அம்மரணங்களையும் காயங்களையும் மறு ஆய்வு செய்து, அதன் பயனாக எந்த விதியை மாற்றினோம், எந்த நடைமுறையைத் திருத்தினோம் என்று கூட்டாட்சி அரசுக்கு எழுத வேண்டும்.

நான்காவது, வெளியிடுதல். நம் ஆராய்ச்சிக்கு உயிர்நாடியானது இதுவே.

ஊரறியச் சொல்லுதல்

ஒவ்வொரு மாநிலமும் ஓர் இணையத்தளம் நடத்த வேண்டும். அதில் காப்பகங்களின் பட்டியல் இருக்க வேண்டும்; தாய் தன் தெருவின் அஞ்சல் எண்ணைக் கொண்டே அதில் தேட முடிய வேண்டும். காப்பகம் ஒவ்வொன்றின் பெயருக்கும் எதிரே ஆய்வறிக்கை இருக்க வேண்டும். குறைந்தது மூன்றாண்டு அறிக்கைகள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். முன்பு சொன்ன குறை திருத்தப்பட்டதா என்பதும் தெரிய வேண்டும். அந்தக் காப்பகத்தில் மரணமோ கடுங்காயமோ நேர்ந்திருந்தால் அதுவும் மறையாமல் அங்கே நிற்க வேண்டும்.

இங்கே சட்டம் செய்தோரின் கூர்மையைக் காட்டும் ஒரு விதி உண்டு. அறிக்கை எளிய நடையில் இருக்க வேண்டும். முழு அறிக்கை எளிதில் விளங்காததாயின், விளங்கும் சுருக்கம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்கிறது அது. ஏன்? "பிரிவு இத்தனை, உட்பிரிவு இத்தனை மீறப்பட்டது" என்று ஆய்வாளர் எழுதினால் தாய்க்கு என்ன புரியும்? பதிவேட்டில் ஒரு கையொப்பம் விடுபட்டதும் உட்பிரிவுதான்; குளத்து வேலியில் குழந்தை நுழையும் அளவு இடைவெளி இருப்பதும் உட்பிரிவுதான். இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கினால் உண்மை சொல்லப்பட்டதாக ஆகும். ஆயினும் மறைக்கப்பட்டதாகவே முடியும். ஆகவே உடல்நலத்தையும் பாதுகாப்பையும் தொட்ட குறைகளைத் தனியே எடுத்துக் காட்ட வேண்டும் என்று விதித்தனர். ஆங்கிலம் அறியாத குடும்பங்களும் உடற்குறை உடையோரும் படிக்க வழி செய்ய வேண்டும் என்றும் சேர்த்தனர். ஊருக்குப் புரியாத மொழியில் பறையறைந்துவிட்டு, "சொன்னோமே" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியை அடைத்துவிட்டனர் எனலாம்.

இவை தனித்தனிக் காப்பகத்தைப் பற்றியவை. இவற்றோடு, மாநிலம் முழுமைக்கும் ஆண்டுக் கணக்கு ஒன்றையும் வெளியிட வேண்டும். காப்பகங்களில் எத்தனை குழந்தைகள் இறந்தன, எத்தனை கடுமையாகக் காயமுற்றன, மெய்ப்பிக்கப்பட்ட கொடுமைச் செயல்கள் எத்தனை என்பவை அந்தக் கணக்கில் வரும். மரணமும் காயமும் பெரிய நிலையத்தில் நேர்ந்தனவா, வீட்டுக் காப்பகத்தில் நேர்ந்தனவா, உரிமம் உள்ள இடத்திலா, இல்லாத இடத்திலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எந்த வகையில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள் என்ற தொகையையும் உடன் தர வேண்டும். இது இல்லாவிடின் கணக்கு நம்மை ஏமாற்றும். நூறு பிள்ளைகளில் ஒன்று காயமுற்றதும், பதினாயிரம் பிள்ளைகளில் ஒன்று காயமுற்றதும் ஏட்டில் "ஒன்று" என்றே தோன்றும் அன்றோ?

பெற்றோர் முறையிடத் தொலைபேசி வழி ஒன்றும் இருக்க வேண்டும். மெய்யென்று கண்ட முறையீடுகளைப் பதிந்து வைத்து, கேட்போருக்குக் காட்டவும் வேண்டும். இத்தனையும் வெளியிடச் சொன்ன சட்டம், இறந்த குழந்தையின் பெயரை வெளியிடச் சொல்லவில்லை. பணியாளர் ஒருவரின் குற்றப் பின்னணி விவரத்தை ஊருக்குச் சொல்லவும் விடவில்லை. அவர் தகுதி உள்ளவரா இல்லையா என்பதே காப்பகத்தாருக்குத் தெரிவிக்கப்படும். அறிய வேண்டியதற்கும் அம்பலப்படுத்துவதற்கும் இடையே வரம்பு வகுத்தது நன்றே.

எண்ணினால் என்ன பயன்?

"இறந்த பிள்ளையை எண்ணுவதால் அது திரும்பி வருமா?" என்று கேட்போர் உண்டு. வாராது. ஆயின் அடுத்த பிள்ளை பிழைக்கும். இதற்கு ஒரு சான்று காண்போம்.

நோய் ஏதும் இல்லாத கைக்குழந்தை உறக்கத்திலேயே இறந்து போவது உண்டு. இதைத் திடீர்ச் சிசு மரணம் என்பர். குப்புறப் படுக்க வைப்பது இந்த ஆபத்தை மிகுவிக்கிறது என்று பல நாடுகளின் கணக்குகளிலிருந்து தெரியவந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டா என்று அறிவுரை கூறியது. 1994-இல் நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் அத்தகைய மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. மருந்து இல்லை, ஊசி இல்லை, குழந்தையைத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், அவ்வளவே.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2000-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அம்மரணங்கள் எங்கே நேர்ந்தன என்று பிரித்துப் பார்த்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, குழந்தை பெற்றோரிடம் இல்லாமல் பிறர் பராமரிப்பில் இருந்தபோது நேர்ந்திருந்தது! குழந்தைகள் அவ்விடங்களில் கழிக்கும் நேரத்தை நோக்க, இது எதிர்பார்த்ததினும் மிக அதிகம். காரணம் என்ன? வீட்டில் தாய் மல்லாக்கப் படுக்க வைத்துப் பழக்கியிருந்த குழந்தையைக் காப்பகத்தில் குப்புறப் படுக்க வைத்த நிகழ்ச்சிகள் பல. பழக்கமில்லாத அந்தப் படுக்கை ஆபத்தைப் பன்மடங்கு பெருக்கியது. அறிவுரை தாயின் காதுக்கு எட்டியது. காப்பகத்தின் காதுக்கு எட்டவில்லை.

"இத்தனை சிசுக்கள் இறந்தன" என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. "எங்கே, யார் பொறுப்பில், எந்நிலையில்" என்று கேட்டு எழுதியதால் வெளிப்பட்டது. தனித்தனி வீட்டில் துயரமாக இருந்தது, ஏட்டில் சேர்ந்தபோது பாடமாயிற்று. 2000-இல் அந்தக் கணக்கை எடுத்தவர்கள் சில மருத்துவர்கள். தாமாக முயன்று எடுத்தார்கள். எவரும் முயலாவிட்டாலும் ஆண்டுதோறும் கணக்கு எடுத்தே தீர வேண்டும் என்று ஆக்கியது 2014-ஆம் ஆண்டுச் சட்டம். பாதுகாப்பான உறக்கம் கட்டாயப் பாடங்களுள் ஒன்றாக அதில் இடம் பெற்றிருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

எட்டாத இடங்கள்

இச்சட்டம் குறையற்றது என்று சொல்வதற்கில்லை. மூன்று குறைகளையேனும் நாம் நோக்க வேண்டும்.

ஒன்று: "கடுங்காயம்" என்பது எது என்று வரையறுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. ஒரு மாநிலம் மருத்துவரிடம் காட்டும் அளவையே கடுங்காயம் எனக் கொள்ளலாம். மற்றொன்று மருத்துவமனையில் தங்க வைக்கும் அளவை வரம்பாகக் கொள்ளலாம். ஆதலால் இரு மாநிலங்களின் எண்களை அருகருகே வைத்து, "இது நல்லது, அது தீயது" எனத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நேர்மையாக எழுதும் மாநிலத்தின் தொகை பெரிதாகவும், சோம்பி எழுதும் மாநிலத்தின் தொகை சிறிதாகவும் தோன்றக்கூடும். கணக்கைப் படிக்கவும் கல்வி வேண்டும்.

இரண்டு: கண்காணிப்பின் வலையில் ஓட்டைகள் உண்டு. பாட்டியும் அத்தையும் போன்ற உறவினர் பார்த்துக்கொண்டால் மாநிலம் அவர்களுக்கு விலக்கு அளிக்கலாம். மிகச் சில பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கும் வீடுகளுக்குப் பல மாநிலங்களில் உரிமமே தேவையில்லை. விதிகளும் படிவங்களும் மிகுந்தால், சொற்ப வருவாயில் நாலைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழைப் பெண்மணி சலித்து அத்தொழிலையே விட்டுவிடலாம். அல்லது அரசின் கண்ணில் படாமல் நடத்தலாம். ஆய்வாளர் குற்றம் காண்பவராக மட்டும் வராமல், கற்றுக்கொடுப்பவராகவும் வந்தால்தான் இந்த அச்சம் நீங்கும்.

மூன்றாவது குறையே பெரிது. அறிக்கை வழிகாட்ட வேண்டுமானால், தேர்ந்தெடுக்க இரண்டு இடங்களேனும் இருக்க வேண்டும். உதவித்தொகைக்குத் தகுதி உடைய பிள்ளைகளுள் சிறு பகுதியினருக்கே அது கிடைக்கிறது. பல ஊர்களில் இடம் இல்லை; இருந்தால் கட்டணம் கட்டுபடியாவதில்லை. அருகில் இருப்பது ஒரே காப்பகம். அதன் அறிக்கையில் நான்கு குறைகள். ஏழு மணிக்கு வேலை. அந்தத் தாய் என்ன செய்வாள்? அறிவு மட்டும் கொடுத்து வழியைக் கொடுக்காவிட்டால், அவளுக்கு மிஞ்சுவது பகல் முழுதும் வயிற்றில் நெருப்பு.

ஆயினும் அந்த நிலையிலும் அறிக்கை வீணன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அதைப் படித்த தாய் வாசலில் நின்று, "அம்மா, வேலியை அடைத்துவிட்டீர்களா?" என்று கேட்கலாம். படிக்காத தாயால் கேட்க முடியாது. காப்பகத்து அம்மையாரும், ஆய்வாளர் அடுத்த ஆண்டுதான் வருவார், இந்தத் தாயோ நாளைக் காலையிலும் வருவாள் என்பதை உணர்வார். ஆண்டுக்கு ஒரு நாள் பார்க்கும் ஒரு கண், நாள்தோறும் பார்க்கும் பல கண்களாக மாறுகிறது. ஆய்வறிக்கையை ஊரறிய வெளியிடுவதன் உட்பொருள் இதுதான்.

நமக்கு இதில் என்ன?

நண்பர்களே, அமெரிக்க நாட்டின் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் பல்கலைக்கழக வளாகத்தையே சுற்றிப் பாருங்கள். புதிய விடுதியோ ஆய்வுக்கூடமோ எழும் இடத்தில் செங்கல் சுமக்கும் பெண்களைக் காணலாம். மணற்குவியலின் மேல் அவர்கள் பிள்ளைகள் விளையாடுகின்றன. கட்டடத் தொழிலாளருக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட அவர்கள் பிள்ளைகளுக்குத் தக்க அறைகள் அமைக்க வேண்டும் என்று விதித்தது. 2017-இல் திருத்தப்பெற்ற மகப்பேற்று நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டவரோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகக் கடமையை விதித்து, தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்கும் உரிமையையும் தந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் காப்பகக் கடமை இடம் பெற்றது. காப்பகம் வேண்டும் என்று இச்சட்டங்கள் சொல்லின. அங்கே ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் காயமுற்றன, ஆய்வாளர் என்ன கண்டார் என்பதைத் தாய்மார் அறிய ஊரறிய வெளியிடுக என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டமோ 2017-ஆம் ஆண்டுத் திருத்தமோ சொல்லவில்லை.

இருப்பினும் நம் கையில் ஒரு சாவி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசு அலுவலகங்கள் தம்மிடமுள்ள செய்திகளைக் கேளாமலே வெளியிட வேண்டும் என்று நான்காம் பிரிவில் கூறுகிறது. வெளியிடாவிடின், குடிமகன் எவனும் குடிமகள் எவளும் எழுதிக் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று வினவ அலுவலகத்திற்கு உரிமை இல்லை. பொதுவாக முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும். மத்திய அரசைச் சார்ந்த அலுவலகங்களில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். நாம் இருவர் சேர்ந்து பருகும் தேநீரின் விலை.

சட்டம் பயிலும் நண்பர் விண்ணப்பத்தை எழுதட்டும். புள்ளியியல் பயிலும் நண்பர் விடையாக வரும் எண்களைப் படித்துச் சொல்லட்டும். இந்தி நன்கறிந்த நண்பர் அதைச் செங்கல் சுமக்கும் தாய்க்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்கட்டும். "இங்குள்ள காப்பக அறையைக் கடைசியாக யார், எந்த நாளில் பார்வையிட்டார்? என்ன எழுதினார்?" என்ற ஒரு கேள்வி போதும் தொடங்குவதற்கு. அப்படி ஓர் அறையே இல்லை என்று விடை வருமாயின், அதுவும் ஓர் அறிக்கையே; அதைத்தான் முதலில் அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.